அப்பாவுக்கென்று வாங்கிய முட்டி பெல்ட்

இன்று காலை கொழிஞ்சாம்பாறை மருந்துக்கடையில் முட்டிக்குப் போடும் பெல்ட் ஒன்று கேட்டேன்.

"யாருக்குங்ண்ணா?" என்றாள் கடைப் பெண்.

ஐம்பத்திரண்டு வயதில் ரக்பி ஆடி விழுந்தேன் என்று எப்படிச் சொல்வது? போன மாதம் தோள் விலகியபோதே இனிப் பந்தைத் தொடமாட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்தவன் நான். நேற்று பொள்ளாச்சியில் கல்யாணம் என்று பொய் சொல்லிவிட்டுத்தான் ஆடப் போனேன்.

"அப்பாவுக்குங்க. எழுபத்தெட்டு வயசு. நடக்கவே முடியறதில்லீங்க."

கடைப் பெண் பெல்ட்டை எடுத்து வைப்பதற்குள் வாசலில் சைக்கிள் மணி. பிரஷர் மாத்திரை வாங்க அப்பாவே வந்துவிட்டார்.

"ஏனுங்கய்யா, நடக்கவே முடியலீனு அண்ணன் சொல்றாரு. நீங்க சைக்கிள்ல வர்றீங்க?"

அப்பா பெல்ட்டைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார்.

"ஆமாங் கண்ணு, ரெண்டு நாளா ஒரே நோவு. சைக்கிள்ல ஏறிட்டா தெரியறதில்ல."

சொல்லிவிட்டு, மாத்திரையை வாங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். 

வெளியே வந்ததும் தாழ்ந்த குரலில் கேட்டார். "ஜெயிச்சீங்களா?"

"இல்லீங்கப்பா."

சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நான் வீட்டு வாசல் வரை நொண்டிக்கொண்டே வந்தேன்.

பையில் என்ன என்று மனைவி கேட்டாள். "எனக்குத்தான் கண்ணு" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமலே. உடனே அவரை உட்காரவைத்து அவளே கட்டிவிட்டாள்.

நல்ல முட்டியில் பெல்ட்டோடு நாள் முழுக்க அப்பா நொண்டுகிறார். வீங்கிய முட்டியோடு நான் நேராக நடக்கிறேன்.

இருவரில் யார் முதலில் உண்மையைச் சொல்வது? நீங்களே பயப்படாமல் சொல்லுங்கள். என் மனைவி முகநூலில் இல்லை.