நெவிலின் ஒன்பதாவது பிளான்

காலை ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டில் ஒருவர் மரச்சுத்தியலால் குச்சி அடித்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? எனக்கு வந்தது. முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் விடியற்காலை எழுந்து உழைத்துவிட்டு, ஓய்வு பெற்றபின் ஏழு மணிவரை தூங்குவது என்று சபதம் எடுத்தவள் நான். நெவில் ஆக்ராய்ட் அந்தச் சபதத்தை மார்ச் மாதத்திலேயே முறித்துவிட்டான்.

கருங்கல் சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கத்தினேன்.

"ஏம்ப்பா நெவில், கல்லறையில கிடக்கிறவங்க எந்திரிச்சு வந்துருவாங்க போலிருக்கே!"

"மன்னிச்சுக்க ஜாய்ஸ். மட்டம் பாக்குறேன். இந்த மூலை அரை இஞ்சு தாழ்ந்திருக்கு."

"நேத்தும் இதே மூலையைத்தானே பாத்த?"

"நேத்து பாத்தது ஏழாவது பிளான். இது எட்டாவது."

தோட்டத்தில் ரயில் விடப் போகிறான். கைக்கு அடக்கமான எஞ்சின்தான், ஆனால் நிஜமாகவே தண்ணீர் கொதித்து, நிஜமாகவே ஆவி விட்டு ஓடும். எங்கள் ஊரில் இந்தப் பித்து பிடித்த கிழவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். நெவில் மட்டும் ஒரு அடி தண்டவாளம்கூடப் போடாமல் பிளான் மேல் பிளானாகப் போட்டுக்கொண்டிருந்தான். பேருந்துக் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் கால அட்டவணை எழுதியவன். வண்டி நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவன் ரத்தத்தில் ஊறிப்போன எண்ணம்.

ஜனவரியில் அவன் மனைவி மேவிஸுக்குப் பார்க்கின்சன் நடுக்கநோய் என்று டாக்டர் சொன்னார். மெதுவாகத்தான் கூடும், ஆனால் கூடிக்கொண்டே போகும் என்றாராம். அன்றிலிருந்து நெவிலால் வீட்டுக்குள் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. டீயை நின்றுகொண்டே குடிப்பான். பாதியில் கோப்பையை வைத்துவிட்டு, தண்டவாளத்துக்கு வழி குறிக்கும் நூலுருண்டையோடு வெளியே ஓடுவான். குச்சியைப் பிடுங்குவான், நாலு அங்குலம் தள்ளி அடிப்பான், மறுபடி பிடுங்குவான். பார்க்கிற எனக்கே கால் பரபரக்கும்.

"மனுஷனுக்கு ஒரு இடத்துல இருப்பு கொள்ள மாட்டேங்குது, ஜாய்ஸ்" என்று மேவிஸ் ஒருநாள் சொன்னாள். "போகட்டும் விடு. குச்சி அடிச்சாலாவது அழாம இருக்கான்ல."

மேவிஸுக்குத் தக்காளி உயிர். தோட்டத்தின் மேல் கோடியில் கண்ணாடிக் குடில் வைத்திருக்கிறாள். தினமும் நாலு மணிக்கு வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலிலிருந்து அந்தப் பாதையில் ஏறுவாள். ஏறப் பத்து நிமிஷம், இறங்கப் பதினைந்து. நான் கூட வரட்டுமா என்றால் கோபம் வரும். யார் துணையும் இல்லாமல் அவள் போய்வருவதற்கு மிச்சமிருந்தது அந்த ஒரு பாதைதான்.

எங்கள் ஊரில் எந்தத் தோட்டமும் சமதளமில்லை. வீட்டு வாசலிலிருந்து மேடு ஏறிப் போகும். ஆனால் ஆவி எஞ்சினுக்குத் தண்டவாளம் மட்டமாக இருக்க வேண்டும். கொஞ்சம் ஏறினால் மூச்சு வாங்கி நின்றுவிடும், கொஞ்சம் இறங்கினால் தலைதெறிக்க ஓடும். அதனால் மேல்கோடியில் மண்மேல் படுத்திருக்கும் தண்டவாளம், வீட்டுப் பக்கம் வரும்போது கட்டைக்கால்களின் மேல் இடுப்புயரத்தில் நிற்க வேண்டும். வட்டம் திரும்பி முடிய அகலம் கிடைப்பது சமையலறை வாசலில்தான். எட்டாவது பிளான்படி அந்த வாசலுக்குக் குறுக்கே, தண்டவாளத்தைத் தாங்கிய ஒரு தூக்குப்பலகை. ஆள் போகும்போது தூக்கி வைத்துவிட்டுப் போகலாம். நெவில் அதை என்னிடம் அவ்வளவு பெருமையாகக் காட்டினான். எனக்கும் அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

தண்டவாளம் போடுவதற்கு முன்னால் சகாக்களைக் கூப்பிட்டு வழியைக் காட்டுவது இந்த ரயில்காரர்கள் வழக்கம். மே மாதச் சனிக்கிழமை ஒன்றில் மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் டெனிஸ் என்பவனிடம்தான் இருப்பதிலேயே பெரிய எஞ்சின். அதன் உயரத்துக்கும் அகலத்துக்கும் அட்டை வெட்டி, நூல் போகிற வழியெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டே நடப்பார்கள். எங்கேயும் இடிக்காமல் போனால் வண்டியும் போகும் என்று அர்த்தம். நெவில் அன்றைக்கென்று வாசலில் கட்டைக்கால் நட்டு, தூக்குப்பலகையையும் மாட்டி வைத்திருந்தான். நான் பழக்கேக்கும் கூடவே சீஸும் கொடுத்தனுப்பிவிட்டு, சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தேன்.

நாலு பேரும் லைலாக் மரத்தடியில் குனிந்திருந்தார்கள்.

"இடிக்குதுப்பா! கிளை முக்கால் இஞ்சு இடிக்குது!" என்றான் டெனிஸ்.

"வெட்டிரலாம், வெட்டிரலாம்" என்றான் நெவில்.

அப்போது மணி நாலு. மேவிஸ் வாக்கரோடு வெளியே வந்தாள். பலகைக்கு முன்னால் நின்றாள். இடது கை வாக்கரை விடவில்லை. வலது கையால் பலகையைத் தூக்கினாள். நாலு அங்குலம் எழும்பியது, கை நடுங்கியது, திரும்ப வைத்துவிட்டாள். இன்னொரு முறை முயன்றாள்.

"நெவில்! கிளையை வெட்டும்போது என்னையும் கொஞ்சம் வெட்டிரு, நானும் பலகைக்கு அடியில புகுந்து அந்தப் பக்கம் போயிருவேன்" என்றாள் மேவிஸ்.

மூன்று பேரும் சிரித்தார்கள். நெவில் சிரிக்கவில்லை. அட்டையைக் கையில் பிடித்தபடியே இறங்கி வந்தான்.

"சுலபம்தான் மேவிஸ். ரெண்டு கையாலயும் லேசாத் தூக்கி…"

வாக்கரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

"எனக்கு ஏதுப்பா ரெண்டு கை?"

டெனிஸ் கீல் வைக்கலாம், எதிர்எடை கட்டலாம் என்று ஏதோ ஆரம்பித்தான். மேவிஸ் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வட்டமாத்தான் போகணுமா, நெவில்?"

"வட்டம் இல்லேன்னா வண்டி ஓடிக்கிட்டே இருக்காதே."

"எதுக்கு ஓடிக்கிட்டே இருக்கணும்?"

நெவில் அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "நின்னா எனக்கு யோசனை வருது, மேவிஸ். பயமா இருக்கு."

"எனக்கும்தான் வருது. நான் உள்ள தனியா உக்காந்து யோசிக்கிறேன்."

விருந்தாளிகள் டீயைக்கூட முடிக்காமல் கிளம்பினார்கள். நெவில் பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்தான். மேவிஸ் தக்காளிக்குத் தண்ணீர் விடப் போனாள்.

மறுநாள் ஆறு மணிக்குச் சுத்தியல் சத்தம் இல்லை. எனக்கோ அதற்காகவே விழிப்பு வந்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். நெவில் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஒன்பதாவது பிளான்" என்றான் என்னைப் பார்த்ததும். "வட்டம் இல்ல. உன் சுவரை ஒட்டி ஒரே நீட்டுக் கோடு. கண்ணாடிக் குடில்கிட்ட ஆரம்பம், சமையலறைச் சுவர் ஓரமா முடிவு. பாதைக்குக் குறுக்க ஒண்ணும் வராது."

"கோடி வந்தா வண்டி என்ன பண்ணும்?"

"கையால நிறுத்தணும். இல்லேன்னா கீழ விழுந்துரும். ரெண்டு முனையிலயும் ஆள் வேணும். மேல்முனைக்கு நீ வர்றியா, ஜாய்ஸ்?"

"வாரத்துக்கு எத்தனை நாள்?"

"மழை பெய்யாத நாள்ல மட்டும்."

"அப்போ இந்த மழை ஊர்ல வேலை ஒண்ணும் பெருசா இருக்காது. வரேன். கீழ்முனையில யாரு?"

"மேவிஸ்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கை நடுங்கும். அதனால நானும் அவ பக்கத்துலயே இருக்கணும்."

பத்து மணிக்கு மேவிஸின் நாற்காலியைக் கொண்டுவந்து சமையலறைச் சுவரோரம் போட்டான். அவள் உட்கார்ந்தாள். நெவில் குச்சியும் சுத்தியலுமாக அவள் முன்னால் நின்றான்.

"வண்டி எங்க நிக்கணும்?"

மேவிஸ் கையை நீட்டினாள். "இங்க. எனக்கு எட்டுற இடத்துல."

அவன் உடனே அளவுநாடாவை எடுத்தான். நாற்காலியிலிருந்து சுவருக்கு அளந்தான், சுவரிலிருந்து நாற்காலிக்கு அளந்தான், எதையோ எழுதி அடித்தான், மறுபடி அளந்தான்.

"டீ ஆறுது. உக்காரு."

"இது ஒண்ணை மட்டும் பாத்துட்டு…"

"நெவில், உக்காருன்னேன்."

வாளியில் இருந்த குச்சிகளைக் கீழே கொட்டிவிட்டு, அதைக் கவிழ்த்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். நாற்காலியின் கைமேல் அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஜனவரியிலிருந்து அந்தக் கையைக் கண்டாலே வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தவன், அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தன் கையை அதன்மேல் வைத்தான். கோப்பையில் இருந்த டீ முழுவதையும் உட்கார்ந்தே குடித்து முடித்தான்.

அன்றைக்கு ஒரு குச்சிகூட அடிக்கவில்லை.