வெள்ளிக்கிழமைப் பை

பத்து வயதில் ஒரு பொய் சொல்லி இரண்டு பேரைப் பட்டினி போட்டேன். இப்போது என் தலையும் நரைக்கத் தொடங்கிவிட்டது. இனி அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஸ்டுட்கார்ட்டில் எங்கள் வீட்டுக்குக் கீழே மன்னாரிலிருந்து வந்த முஸ்லிம் தம்பதி இருந்தார்கள். கணவரை, அண்ணன் என்ற முறையில், எல்லோரும் நானா என்போம். உணவகத்தில் கோப்பை கழுவிக் கழுவி அவருக்கு முதுகு போய்விட்டது. அரசு தந்த உதவிப்பணம் மாதம் முடியுமுன்னே தீர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை மதியம் தேவாலய மண்டபத்தில் இலவசமாகக் கொடுக்கும் உணவை நம்பித்தான் மிச்ச நாட்கள். அந்த நேரம் நானா ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவார். மனைவிதான் பையுடன் போவார். அவருக்கு ஜெர்மன்காரரின் டொச் மொழி தெரியாததால் பள்ளிக்கூடம் விட்டதும் நானும் கூடப் போவேன். யோகட், சூப் பக்கற், இனிப்பு என்று ஒவ்வொன்றையும் திருப்பி, பன்றி சேர்ந்திருக்கிறதா என்று வாசித்துச் சொல்வது என் வேலை. இனிப்புக்குள் பன்றி எப்படி நுழைகிறது என்பது அப்போது எனக்குப் பெரிய ஆராய்ச்சி.

ஒரு வெள்ளி நானாவின் மனைவிக்கு முழங்கால் வலி. என்னைத் தனியே அனுப்பினார். மண்டபத்தில் உணவு கொடுத்துக்கொண்டிருந்தவர் என் வகுப்புத் தோழனின் அம்மா. பக்கத்தில் அவனும் நின்றான். வெட்கத்தில் பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். கீழ்வீட்டார் நோன்பு, இந்தக் கிழமை எதுவும் வேண்டாமாம் என்று சொல்லிவிட்டு ஓடிவந்தேன். நானா வீட்டில், சாமான் முடிந்துவிட்டது என்றேன்.

"பரவாயில்லை மகன்," என்றார் நானா.

அந்தக் கிழமைக்குள் ஒரு நாள் என் அம்மா இடியப்பம் கொண்டுபோனபோது அவர் வாசலிலேயே மறித்தார்.

"நோன்பு, தங்கச்சி."

"நோன்பு மாசம் எப்பவோ முடிஞ்சுதே நானா?"

"இது சுன்னத் நோன்பு, விரும்பினா எப்பவும் பிடிக்கலாம்."

எனக்குத் திகைப்பு. என் பொய் எப்படி உண்மையானது? உளவு பார்க்க மாலையில் கீழே போனேன். மேசையில் வெறுந்தேநீர், இரண்டு துண்டு பாண், ஒரு பேரீச்சம்பழம். நானா பழத்தைப் பிய்த்து மனைவிக்குப் பாதி கொடுத்தார். தன் பாதியை என்னிடம் நீட்டினார். வாங்கித் தின்றேன்.

அடுத்த வெள்ளியும் மனைவிக்கு முழங்கால் ஆறவில்லை. பிந்தினால் சாமான் முடிந்துவிடும் என்று பயந்து நானாவே என்னோடு வந்தார். தோழனின் அம்மா சிரித்தபடி, நோன்பு முடிந்ததா என்று டொச்சில் கேட்டார்.

"என்னவாம் மகன்?"

வேறு வழியில்லாமல் அந்த அம்மா கேட்டதை அப்படியே சொன்னேன். நானா என்னையே பார்த்தார்.

"ஓம், முடிஞ்சுது எண்டு சொல்லு."

தப்பித்தேன் என்று நினைத்தேன். என் அம்மாவிடம் அவர் சொல்லவேயில்லை.

அவர் மௌத்தாகி, அடக்கமும் முடிந்த பிறகுதான் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"தெரியும் மகன். பசி கிடக்கட்டும். உன்ட பேச்சை நம்பி ஜும்மாவை விட்டிட்டுப் போனவரெல்லோ, அதைத்தான் கடைசிமட்டும் சொல்லி வருந்தினவர்."

அவ்வளவு காலமும் நான் பசிக்காக மட்டுமே வருந்திக்கொண்டிருந்தேன்.

அதே மண்டபத்தில் இன்று நானும் உணவு கொடுக்கிறேன். தொழுகை முடிந்த பிறகு தொடங்குவோம் என்று மன்றாடினேன், முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்கள். தொப்பி போட்ட வயோதிபர்கள் இப்போது பள்ளிவாசலிலிருந்து நேரே வருகிறார்கள். நானாவின் மனைவியால் நடக்க முடியாது.

"பன்றி பாத்து எடு மகன்," என்று பையை என்னிடமே கொடுத்தனுப்புகிறார்.