மாமனார் பெயரில் ஒரு டிரங்க் கால்

நான் வாக்கப்பட்டு வந்த வீட்டின் முன்பக்கம் வெங்காய மண்டி, பின்பக்கம் குடித்தனம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு, கதவோரம் ஒரு ஸ்டூல், ஸ்டூலின் மேல் ஒரு கறுப்பு டெலிபோன். அறுபதுகளின் தொடக்கம் அது. நாகல் நகரில் எங்கள் தெருவுக்கு அது ஒன்றுதான் போன். அதனால் அதை எங்கள் போன் என்று யாரும் நினைத்ததே இல்லை. பில் மட்டும் எங்களுக்கு வரும்.

கைமாற்று கேட்டு வருகிறவனை நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பத் தெரிந்த என் மாமனாருக்கு, "ஒரு போன் பேசிக்கிறேன்" என்று வந்து நிற்பவரிடம் முடியாது என்று சொல்ல வாய் வராது. தண்ணீர் கேட்டவனுக்கு இல்லை என்பது மாதிரி ஆகிவிடுமாம். தெருக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. உள்ளூர்தான் என்று சொல்லிக்கொண்டு வந்து ரிசீவரை எடுத்ததும் கோயமுத்தூர் கேட்பார்கள். சேவுகம்பட்டியிலிருந்து வந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டு, அங்கே மழை உண்டா என்று விசாரித்துவிட்டுப் போனார். பம்பாயில் மழை பெய்தால் அவருக்கு என்ன, பெய்யாவிட்டால் என்ன? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமனாரோ அவரை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

அந்த மாத பில்லைப் பார்த்த அன்று மனிதர் வெஞ்சனத்தைக்கூடத் தொடவில்லை, வெறும் மோர்ச்சோற்றோடு எழுந்துவிட்டார்.

பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரனுக்கு முதலில் என்ன தோன்றுமோ அதுதான் அவருக்கும் தோன்றியது. ஒரு மரப்பெட்டி செய்து, போனை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். வெளியூரிலிருந்து யாராவது எங்களைக் கூப்பிட்டால் பெட்டிக்குள் மணி அடிக்கும். சாவி அந்த நேரம் பார்த்துக் கொல்லைப்பக்கம் போயிருக்கும். கணக்குப்பிள்ளை பதறிப்போய்ப் பெட்டியில் வாயை வைத்து, "செத்த நேரம் இருங்க, மொதலாளி வந்துக்கிட்டே இருக்காக" என்று கத்துவார். அது பாட்டுக்கு அடித்து ஓய்ந்துபோகும். இரண்டு வியாபாரம் கைநழுவிப் போன பிறகு அந்தப் பெட்டியில் நான் உளுந்து கொட்டி வைத்தேன்.

அப்புறம்தான் மாமனார் தன் வாழ்நாளின் பெரிய யோசனையைச் செய்தார். அப்போது எங்கள் போனில் எண்களைச் சுழற்றும் வட்டு கிடையாது. எடுத்தால் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெண் பேசும். வெளியூர் என்றால் அதனிடம் சொல்லிப் பதிய வேண்டும். இவர் நேரிலேயே போய் அவர்களோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். ஒரு குறிப்பிட்ட சொல்லைச் சொன்னால்தான் எங்கள் நம்பரிலிருந்து டிரங்க் கால் போகும். சொல்லாவிட்டால் யார் கேட்டாலும், எவ்வளவு கெஞ்சினாலும் போகாது.

"என்ன சொல்லு மாமா?" என்று கேட்டேன்.

"ஏம் பேருதாம்மா" என்றார்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் மனிதர் எமகாதகர். அந்தத் தெருவில் அவர் பெயரை வாய்விட்டுச் சொல்ல ஆளே கிடையாது. மண்டி ஆட்களுக்கு மொதலாளி, வியாபாரிகளுக்கு அண்ணாச்சி, என் கணவருக்கு அப்பா, எனக்கு மாமா. அவர் சம்சாரமான என் அத்தைக்கு அவுக. பெற்ற பிள்ளைகூட ரேஷன் ஆபீசில் அப்பா பெயர் கேட்டால் தலையைச் சொறிவார். லைன் சுத்தமாகக் கேட்காது என்பதால் மாமனார் தினமும் தன் பெயரைத் தானே தொண்டை கிழியக் கத்தி டிரங்க் கால் போடுவார். அப்படியாக அந்த ரகசியச் சொல் தெரு முழுக்கத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ரிசீவரை எடுத்தவர்கள் அந்த இடம் வந்ததும் எச்சில் விழுங்கிக்கொண்டு கீழே வைத்தார்கள். அடுத்த பில்லைப் பார்த்து மாமனார் இரண்டு தரம் பாயசம் கேட்டார்.

இப்படி இருக்கும்போது என் கணவர் முதன்முதலாகத் தன் பொறுப்பில் ஒரு லாரி சின்ன வெங்காயம் ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் கிளம்பினார். அதுவரை அவரை மண்டியில் அழுகல் பொறுக்கத்தான் விட்டிருந்தார்கள். இந்த லோடு ஒழுங்காகப் போனால் இனி வியாபாரம் அவர் கையில். கெட்டால் ஆயுசுக்கும் அழுகல்தான். எல்லாம் குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காட்டுச் சம்சாரிகள் எங்களை நம்பி அனுப்பிய சரக்கு.

மறுநாள் காலை மெட்ராஸ் ரயிலில் வந்திறங்கிய தரகர் ஒருவர் நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். "அண்ணாச்சி, நீங்க சரக்கு அனுப்புற மெட்ராஸ் பார்ட்டி திவாலாகி மஞ்சக் கடுதாசி குடுத்துட்டானே, தெரியாதா? சரக்கை அங்க எறக்கினா அம்புட்டுத்தான்" என்றார். லாரி மதியத்துக்குள் மெட்ராஸ் லாரி ஆபீசுக்குப் போய்ச் சேரும். தந்தி கொடுத்தால் சாயங்காலம் ஆகும். அடுத்த தெருவில் போன் வைத்திருந்தவரோ எங்கள் போட்டி மண்டிக்காரர். ஆக, எங்கள் போன்தான் கதி. என் கணவரை லாரி ஆபீசிலேயே பிடித்தாக வேண்டும்.

மாமனார் பாய்ந்து போய் ரிசீவரை எடுத்தார். அன்று விடிந்ததும் விடியாததுமாக, மேல்வரிசை முன்பற்களை மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு வாய் நிறையப் பஞ்சோடு வந்திருந்தார் அவர்.

"ம்ஊம் ஊம்ம்" என்றார் போனில்.

எதிர்முனை கட்டாகிவிட்டது. பஞ்சை எடுத்துவிட்டு மறுபடி முயன்றார். அவர் பெயருக்குப் பல் வேண்டும். பல் இல்லாமல் வெறும் காற்றுத்தான் வந்தது. "யாருங்க அது, வெளையாடுறீங்களா?" என்று அந்தப் பெண் அதட்டியது எனக்கே கேட்டது. அவர் கணக்குப்பிள்ளையின் கையில் ரிசீவரைத் திணித்தார்.

கணக்குப்பிள்ளை, "அம்மா, மெட்ராஸ் வேணும். அந்தச் சொல்லு, எங்க மொதலாளி பேருதான்" என்றார்.

"பேரைச் சொல்லுங்க."

"அதாம்மா, மலை மேல நிக்குறாருல்ல, அந்தச் சாமி."

"பழனிக்கு லைன் வேணுமா? அதுக்கும் அந்தச் சொல்லு வேணுமே."

கணக்குப்பிள்ளை ரிசீவரை அத்தையிடம் நீட்டினார். அத்தை அதைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நானா? நல்லாக் கேட்டீக போங்க" என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். இன்னும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மாமனார் தன் மார்பைத் தானே குத்திக் குத்திக் காட்டி, சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று கையால் கெஞ்சினார். மண்டி ஆட்கள் ஒவ்வொருவராக மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்தார்கள்.

எனக்கு வந்ததே கோபம். அங்கே என் புருஷனின் பிழைப்பு தெருவுக்கு வரப்போகிறது, இங்கே இவர்கள் மரியாதை பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வெடுக்கென்று ரிசீவரைப் பிடுங்கினேன். இருந்தாலும் அடக்க ஒடுக்கமாகத்தான் ஆரம்பித்தேன். பெயருக்கு முன்னால் திரு, பின்னால் அவர்கள்.

"அப்படி இல்லைங்க" என்றது அந்தப் பெண். "எங்ககிட்ட வெறும் பேருதான் குடுத்திருக்காக. திரு இல்ல, அவர்கள் இல்ல. குடுத்ததை அப்படியே சொன்னாத்தான் ஆச்சு."

மாமனாரைப் பார்த்தேன். ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர் மாதிரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். நான் சொன்னேன். மொட்டையாக, ஏதோ மண்டியில் மூட்டை தூக்க வந்தவனைக் கூப்பிடுகிற மாதிரி.

"சரியாக் கேக்கலை."

உரக்கச் சொன்னேன். அதுவும் கேட்கவில்லையாம். மூன்றாவது தரம் கத்தியபோது எதிர்வீட்டுக்காரர் பாதிச் சவரத்தோடு எட்டிப் பார்த்தார். கணக்குப்பிள்ளை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அத்தை காதைப் பொத்தியபடியேதான் நின்றார், ஆனால் விரல்களுக்கு நடுவில் நல்ல இடைவெளி இருந்தது.

"சரிங்க, லைன்ல இருங்க" என்றது அந்தப் பெண். லாரி நின்று தார்ப்பாய் அவிழ்ப்பதற்குள் என் கணவர் கிடைத்துவிட்டார். சரக்கு வேறு நல்ல கைக்குப் போனது. ஊருக்குத் திரும்பியவரிடம் மாமனார் மண்டிச் சாவியைக் கொடுத்தார். அன்று கஞ்சி குடிக்கும்போது என்னிடம், "இன்னுங் கொஞ்சம் உப்பும்மா" என்றார், எப்போதும் போல.

இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு மத்தியானம். மண்டி ஓய்ந்து கிடந்தது, நான் கொல்லையில் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தேன். போன் அடித்தது, எடுத்தேன். எக்ஸ்சேஞ்ச் பெண்தான்.

"சந்தேகமா எதாச்சும் நடந்தா ஒடனே சொல்லணும்னு உங்க அய்யா சொல்லியிருக்காக. அதான் கூப்டேன். செத்த முன்னாடி உங்க நம்பர்ல இருந்து யாரோ அந்தச் சொல்லைச் சொன்னாக. ரொம்ப மெதுவா, ரெண்டு தரம். எந்த ஊரு வேணும்னு கேட்டேன். ஒரு ஊரும் வேணாம் தாயின்னு சொல்லி வச்சிட்டாக. வயசான அம்மா கொரலு."

திரும்பிப் பார்த்தேன். ஸ்டூலுக்குப் பக்கத்தில் அத்தை முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்த அரிசியை நான் காலையிலேயே பொறுக்கி வைத்திருந்தேன். அவர் தலை நிமிரவில்லை. கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. ஐந்து பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்த பொம்பிளை.

"யாரும்மா போன்ல?" முன்பக்கத்திலிருந்து பொக்கை வாயோடு மாமனார் கேட்டார்.

"ராங் நம்பர் மாமா" என்று குரல் கொடுத்தேன்.

பிறகு கையால் வாயை மறைத்துக்கொண்டு போனில் சொன்னேன்: "அந்தக் கொரலு மறுபடி வந்தா எந்த ஊருன்னு கேக்காதீங்க. அவுக சொல்லி முடிக்கட்டும்."