குழைந்துபோன சோறும் அம்மன் தந்த மறு உலையும்

“டிவியில நிக்கப் போறியா? தோட்டத்து லைன் வீட்டுப் பொண்ணு, கேமராவப் பார்த்ததும் அழுதுகிட்டே ஓடி வந்துருவா லா!”

மலைமேல் இருக்கும் தானா ராத்தாவில் நான் வேலை செய்த ஓட்டல் சமையலறையில், தலைமைச் சமையல்காரர் மாணிக்கம் அண்ணன் எல்லார் முன்னிலையிலும் இப்படிச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. நான் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களின் மகள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய் ஐந்தாம் படிவம் என்னும் பள்ளி இறுதி வகுப்பை முடித்தவள். அந்தப் பெருமையை நான் மறைப்பதில்லை.

1985, ஆடி மாதம். ஓட்டல் சமையல்காரர்களுக்குக் கோலாலம்பூரில் தொலைக்காட்சிப் போட்டி. மேலாளர் என்னை அனுப்பினார். “முதல் மூணு இடத்துல வா, தனி அடுப்பு தர்றேன். இல்லன்னா காய் வெட்டுற மேசைதான் உனக்கு,” என்றார். அந்த மேசையில் நின்று நின்று எனக்கு வெறுத்துப் போயிருந்தது.

போட்டியில் மீன் குழம்பும் சோறும் வைத்தேன். மலையில் வைப்பது போலவே அரிசிக்குத் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டுக் குழம்பைக் கவனித்தேன். எங்கள் உயரத்தில் சோறு வேக நேரமாகும். கீழே அப்படி இல்லை என்பது எனக்குத் தெரியாது. மூடியைத் திறந்தேன். கஞ்சி! கேமரா என் பானையை நோக்கி வந்துகொண்டிருந்தது. மறுபடி உலை வைக்க நேரமில்லை.

கரண்டியைப் பிடித்தபடியே கண்ணை மூடினேன். “மாரியம்மா, இன்னொரு தடவ உலை வைக்க விடு தாயே.” அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

‘டப்’பென்று ஒரு சத்தம். மேலே தொங்கிய பெரிய விளக்கு வெடித்து எல்லார் சட்டியிலும் கண்ணாடித் தூள் விழுந்தது. ஒருவர் மேலும் கீறல் இல்லை. தயாரிப்பாளர் ஓடிவந்து, “செமுவா புவாங்!” என்று மலாயில் கத்தினார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து சமைக்க வேண்டும்!

பக்கத்து மேசைக்காரர் பினாங்கு காதர் அண்ணன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“என் மீனு அருமையா வந்துச்சே! நீ என்னம்மா கும்பிடுறே?”

“சாமிகிட்ட கேட்டேண்ணே.”

“கேட்டதுதான் கேட்டே, உன் பானைக்கு மட்டும் கேட்டிருக்கக் கூடாதா தங்கச்சி?”

சொல்லிவிட்டு என் பானையை எட்டிப் பார்த்தார். “மலைக்காரியா? இங்க சீக்கிரம் வெந்துரும். தண்ணியக் கொறைச்சு ஊத்து.”

விளக்கை உடைத்தவளே அவர் வாயிலும் வந்து பேசினாள் என்று நம்புகிறேன். இம்முறை பானையை விட்டு நகரவில்லை. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்து, பார்த்து, சரியான பதத்தில் இறக்கினேன். முடிவை அறிவித்தார்கள். காதர் அண்ணனுக்கு முதலிடம். எனக்கு மூன்றாம் இடம்!

“சரிம்மா, அந்த ஓரத்து அடுப்பு உன்னுது. என் சட்டியில மட்டும் கை வைக்காதே,” என்றார் மாணிக்கம் அண்ணன், நான் ஓட்டலுக்குத் திரும்பியதும். அன்று முதல் அம்மன் பெயரைச் சொல்லாமல் நான் தீ மூட்டுவதில்லை.

அம்மனின் பிள்ளைகளே, வழி தெரியாதபோது கூச்சப்படாமல் கேளுங்கள். நீளமாகக் கேட்க வேண்டாம். எனக்கு ஒரு வரி போதுமாக இருந்தது.

அவள் மறு உலை தந்தாள். மலைக்குக் கீழே இன்னொரு தடவை சோறு குழையாமல் அடுப்பைப் பழகுவது என் வேலை. அதனால் பின்னாளில் அந்தத் தனி அடுப்பையும் விட்டுவிட்டு, மலையிறங்கி ஈப்போவில் ஓர் ஓட்டலில் சேர்ந்துவிட்டேன். இன்று மதியம் அங்கே எல்லாரும் சாப்பிட்டது நான் வடித்த சோறு.