அம்மா சொன்ன ஆமென்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட பிறகு எந்த ஊரிலும் நான் ஒரு வருடம் தங்கியதில்லை. கொஞ்ச காலம் பீளமேட்டில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வயர் சுருட்டினேன், டீ வாங்கி வந்தேன், அங்கேயே படுத்துக்கொண்டேன். பழைய மில் குடோனைத் தடுத்துக் கட்டிய அறை. கோடையில் மூச்சு முட்டும்.

அங்கே ஆல்பம் பதிவு செய்ய ஒரு பெண் வந்தாள். தொண்டாமுத்தூர் பக்கம், அப்பா சபைப் போதகர். பாட்டெல்லாம் அவளே எழுதியவை. எல்லாம் சேர்ந்து ஒரே கதை. வேறு சாதிப் பையனை விரும்பிய மகள் தோட்டத்துக் கிணற்றில் செத்துக் கிடக்கிறாள். அந்த வீட்டில் ஆளுக்கொரு பாட்டு. கடைசிப் பாட்டு அப்பனுடையது. தள்ளியவன் அவன்தான். முழங்காலில் நின்று, என் வீட்டைச் சுத்தமாக்கினீர் என்று கர்த்தருக்கு நன்றி சொல்கிறான்.

அதைப் பாடிய அன்று அவளுடைய அம்மாவும் வந்திருந்தார். மகள் ஜெபப் பாட்டு பாடுகிறாள் என்று மட்டுமே அவருக்குத் தெரியும். சத்தம் போடமாட்டேன் என்றதால் மைக் இருந்த அறைக்குள்ளேயே நாற்காலி போட்டுக் கொடுத்தேன். மகள் குரலைத் தாழ்த்தி, இழுத்து இழுத்துப் பாடினாள். அம்மா முக்காடு போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்ததும் "ஆமென்" என்றார்.

கூடத்துக்காரர் சிரித்துவிட்டார். "ஏனுங்கம்மா, காணிக்கைப் பை கொண்டுவரச் சொல்லட்டுங்களா?"

அம்மாவும் சிரித்தார். "அவங்கப்பா ஜெபம் பண்றாப்பலயே இருந்துச்சுங்க. வாய் தானாச் சொல்லிப்போடுச்சு."

மகள் சிரிக்கவில்லை. "வார்த்தையக் கேட்டீங்களாம்மா?"

"ஜெபத்துல என்ன கண்ணு வார்த்தை?"

மறுபடி போட்டுக் காட்டினார்கள். இந்த முறை அம்மா கண்ணை மூடவில்லை. கிணறு வந்தது. நன்றி வந்தது. கடைசியில் ஆமென் என்று தன் குரலே வந்தபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அழிச்சுரலாம்மா. நான் மறுக்கா பாடிக்கறேன்."

அம்மா வாயிலிருந்து முந்தானையை எடுத்தார். பிறகு, "அழிச்சுப்போட்டா நான் சொல்லலைன்னு ஆயிருமா?" என்றார். "இருக்கட்டும் உடு."

"அப்பா கேப்பாரும்மா. சபையே கேக்கும்."

"கேக்கட்டும்."

அப்படியேதான் பாட்டு வெளிவந்தது. போனில் கேட்கும்போது கடைசி வரிக்கு முன்பே நான் நிறுத்திவிடுவேன்.

பதிவு நடந்த அன்று அம்மா மகளின் ஸ்கூட்டரில் ஏறவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை நான் கூடப் போனேன். கல்லூரிப் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நாஞ் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்கம்மா."

"நல்லாவா?"

தலையாட்டினேன். பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் வரவில்லை.