கேட்க மட்டும் செய்யும் பெட்டி

எங்கள் அலுவலகத்தில் நடப்பது நல்ல காரியம்தான். ஆலைகளில் வெல்டிங்கைச் சோதிக்க வேனில் எடுத்துப்போகும் கதிரியக்கப் பொருள் வழியில் காணாமல் போய்விடக் கூடாது. அதற்காக ஒரு பெட்டி செய்தோம். ஊரெங்கும் ஏற்கெனவே பரவிக் கிடக்கும் எஃப்.எம்., செல் டவர் சிக்னல்களைக் கேட்டே தான் இருக்கும் இடத்தை அது கணக்குப் போட்டுவிடும். ஜிபிஎஸ் செத்தாலும் கவலையில்லை.

பெங்களூரு பொம்மனஹள்ளி கிடங்கில் அதை ஒரு வேனின் சீட்டுக்கு அடியில் பொருத்தியபோது டிரைவர் எட்டிப் பார்த்தார். நான் தமிழ் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கும் சேர்த்து டீ வாங்கி வருபவர்.

"இன்னா சார், இன்னொரு ஜிபிஎஸ்ஸா?"

"இல்லண்ணா. இது எதையும் அனுப்பாது. சும்மா ரேடியோ கேக்குற பொட்டி."

பொய்யில்லை. சாயங்காலம் அதன் மெமரி கார்டை நான் கழற்றிப் பார்ப்பேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் உஷாராகிவிடுவார், சோதனை கெட்டுவிடும். அப்படி ஒரு கெட்டிக்காரத்தனம் எனக்கு.

ஒரு நாள் வரைபடத்தில் வண்டி போன பாதையைக் காட்டும் ஜிபிஎஸ் கோடு பாதியில் அறுந்திருந்தது. எங்கள் பெட்டியின் கோடு அறுபடாமல் ஈஜிபுரா சந்து ஒன்றுக்குள் திரும்பி, கொஞ்ச நேரம் நின்று, பிறகு கிளம்பியிருந்தது. குடியிருப்புப் பகுதியில் அந்த வண்டி நிற்கவே கூடாது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. மீட்டிங்கில் காட்ட இதைவிட நல்ல நாள் கிடைக்குமா? காட்டினேன், கைதட்டினார்கள். வேன்களின் ஓனர் மட்டும் கைதட்டாமல் வண்டி நம்பரைக் கேட்டார்.

மறுநாளே டிரைவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

போன் செய்தார். மனைவிக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறதாம், குடம் தூக்கக் கூடாதாம். தெருக்குழாயில் தண்ணீர் விட்ட நேரம் ஜிபிஎஸ் வயரைப் பிடுங்கிவிட்டு, குடங்களை மாடியேற்றிவிட்டு வந்திருக்கிறார். பிள்ளைகள் விளையாடும் சந்தில் அந்த வண்டியை விட்டுப் போனது தப்புதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான் அந்தப் பிள்ளைகளை நினைத்தா அந்த நாளைப் பொறுக்கி எடுத்தேன்?

"தெருக்காரங்க யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க சார். அந்தப் பொட்டி ரேடியோ மட்டும்தான் கேக்கும்னு நீங்கதான சொன்னீங்க? அத ஓனராண்ட ஒருதபா சொல்லுங்க. அதுல மாட்டிக்கினேன்னு பொய் சொல்றாரு. நீங்க சொன்னா நம்புவாரு."

"சொல்றேண்ணா" என்றேன்.

மறுபடி இரண்டு தடவை அழைத்தார். மணி அடித்து ஓயும்வரை கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.