புக்காராவுக்கு எழுதிய கொப்பி

அந்தக் காலத்தில் எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது. தரையைத் தாக்கும் போர் விமானங்களின் சரித்திரத்தை ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியில் எழுதிவந்தேன். வெள்ளவத்தையில், அதுவும் யுத்தம் நடக்கிறபோது, ஒரு தமிழன் வைத்திருக்கக்கூடிய கொப்பியா அது? மற்றவர்கள் முத்திரை சேர்த்தார்கள். என் புத்தி இப்படிப் போயிற்று.

கொப்பியில் பாதிக்கு மேல் புக்காரா என்ற விமானத்துக்குத்தான். மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கிய ஆங்கிலச் சஞ்சிகைகளைப் பார்த்து எழுதினேன். ஆர்ஜென்டீனாவில் பிறந்தது, மலைநாட்டுப் பழங்குடிகளின் கற்கோட்டைக்கு உரிய பெயரை அதற்கு வைத்தார்கள். ஜெட் விமானங்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் இரண்டு காற்றாடிகளோடு வந்து, கட்டாந்தரையிலும் இறங்கி ஏறியது. தென் அத்திலாந்திக் தீவுகளில் சண்டை பிடித்துவிட்டு, கடைசியில் எங்கள் நாட்டு விமானப்படைக்கும் வந்து சேர்ந்தது. அதன் நீண்ட மூக்கைப் படமாக வரைந்து வைத்திருந்தேன். அழகான விமானம், இன்றைக்கும் அதை மறுக்கமாட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா வந்து எங்களோடு தங்கியபோது, வெட்கமில்லாமல் அதை அவளுக்கே வாசித்துக் காட்டினேன். அவள் வீட்டுக் கூரையைப் பிரித்ததும் ஒரு புக்காராதான். அக்கா கோபிக்கவில்லை. கேட்டு முடித்துப் பிழை திருத்தினாள். இரண்டு தரம் சுற்றும், மூன்றாம் தரம்தான் பதியும், அப்போது சத்தம் மாறும் என்றாள். பதிவது என்றால் குண்டு போடத் தாழ்ந்து வருவது. எந்தச் சஞ்சிகையிலும் அது இல்லை. உடனே எழுதிக்கொண்டேன். எந்த விமானம் என்று சொல்ல அவளுக்குச் சத்தமே போதும். இரத்மலானையில் இறங்குகிற பயணிகள் விமானம் தலைக்கு மேலால் போனால், தேங்காய் துருவுகிற கையை நிறுத்தக்கூட மாட்டாள்.

ஒருநாள் விடிந்த கையோடு பொலிசார் சோதனைக்கு வந்தார்கள். வீட்டில் இருக்கிறவர்களின் பொலிஸ் பதிவு, அடையாள அட்டை எல்லாம் சரியாக இருந்தன. அப்போதுதான் கண்டேன், கொப்பி முன் ஹோலில் கதிரைமேல் கிடந்தது. விமானப் படம், அது எப்படிப் பதியும் என்ற குறிப்பு, எல்லாம் என் கையெழுத்தில். பிடித்துக்கொண்டு போனால் எப்போது திரும்பி வருவேன் என்று யாருக்குத் தெரியும்? ஒரு பொலிஸ்காரர் கதிரைப் பக்கம் திரும்பினார்.

அந்த நேரம் மேலே விமானச் சத்தம் கேட்டது. "ஐயோ, பதியுது" என்று கத்திக்கொண்டு அக்கா ஓடிவந்து, கதிரையையும் சரித்துக்கொண்டு நிலத்தில் குப்புற விழுந்தாள். காதுகளைப் பொத்திக்கொண்டு நடுங்கினாள். கொப்பி அவள் வயிற்றுக்குக் கீழே போய்விட்டது. இன்ஸ்பெக்டர் திகைத்து நின்றார். பிறகு குனிந்து, பயப்படவேண்டாம் அம்மா என்று சிங்களத்தில் மெதுவாகச் சொல்லிவிட்டு, தன் ஆட்களை வெளியே போகச் சொன்னார். அவர் முகத்தில் வெட்கம் தெரிந்தது. நல்ல மனிதர்.

ஜீப் போனபிறகும் அக்கா எழும்பவில்லை. போய்விட்டார்கள் என்று நான் சொன்ன பிறகுதான் எழும்பினாள். கொப்பியை என்னிடம் நீட்டி, அடுப்பில் போடச் சொன்னாள்.

"நல்லாப் பயந்துபோனியோ அக்கா?"

"போனது ஆக்களை ஏத்திற பிளேன். அது எனக்குத் தெரியாதோ?"

எத்தனையோ விமானங்களை வியந்திருக்கிறேன். அக்காவை வியந்ததுபோல் ஒன்றையும் வியந்ததில்லை. கொப்பியை என் கையாலேயே கிழித்து எரித்தேன். அக்கா தேங்காய் துருவ உட்கார்ந்தாள். கை நடுக்கம் நிற்காமல், மத்தியானம்வரை அவளால் துருவ முடியவில்லை.